பீட்டை நிறுத்தினாலும் நிற்கும் பாட்டு

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். வள்ளி கும்மிக் குழுவினர் வருவார்கள், அம்மன் பாட்டு பதிய வருவார்கள், கல்யாண வீடியோவுக்குக் குரல் கொடுக்க வருவார்கள். ஆனால் வாரக் கடைசியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ராப் எழுதும் கல்லூரிப் பிள்ளைகள். "எப்படி வேணும்?" என்று கேட்டால் இவர்களில் பலர் இன்னும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அக்கா, 'வாடி புள்ள வாடி' மாதிரி இருக்கணுங்க்கா." அந்தப் பாட்டைப் பாடிய ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் 2012-ல் வெளிவந்தது. அப்போது இந்தப் பிள்ளைகள் பால்வாடியிலோ ஒன்றாம் வகுப்பிலோ இருந்திருப்பார்கள். அவர்களுடைய அண்ணன்மார் கேட்ட பாட்டு இது. தம்பிகள் அண்ணன்களின் பாட்டை இப்படி விடாமல் பிடித்துக்கொள்வது அபூர்வம். அதற்கான காரணம் பாட்டு கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஹிப்ஹாப் தமிழா என்பது ஆதி, ஜீவா என்ற இரண்டு பேர். ஆதி நம் கோயம்புத்தூர்க்காரர். சினிமாவில் இசையமைப்பதற்கு முன்பே, சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பாடி இவர்கள் வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஹிப்ஹாப் தமிழன்'. அதிலுள்ள 'கிளப்புல மப்புல' யூட்யூபில் பரவி, ஆளுக்கு ஆள் சண்டை போடும் அளவுக்குப் பேசப்பட்டது. 2013-ல் 'எதிர்நீச்சல்' படத்தில் அனிருத்தின் இசையில் குரல் கொடுத்தார்கள். 2015 பொங்கலுக்கு வந்த 'ஆம்பள' படத்தில் இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் 'தனி ஒருவன்' வந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை.

தமிழில் ராப் அவர்களோடு தொடங்கவில்லை. 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பை சுரேஷ் பீட்டர்ஸும் சாகுல் ஹமீதும் தேனி குஞ்சரம்மாளும் பாடியபோதே தமிழ்நாடு அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிவிட்டது. மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இளையராஜா 'நிழல்கள்' படத்துக்குப் போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் தமிழை ஓடவிட்ட அந்த வேலையை இன்றைக்கும் வியந்து கேட்கிறேன். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்திலும், 2011-ல் 'ஆடுகளம்' படத்திலும் அவர் குரல் வந்தது. யோகி பி போட்ட பாதை இல்லாமல் இவர்கள் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 'வல்லவன்' கேட்டபோது எங்களுக்கு வாயடைத்துப்போனது. அந்தக் கம்பீரத்தைத் திருப்பிப் பாடக் கூச்சப்பட்டோம். 'ஹிப்ஹாப் தமிழன்' கேட்டபோது வாய் திறந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நண்பன் எழுந்து நின்று பேசுவது போன்ற தமிழ் அது. இதை நாமும் சொல்லலாமே என்று ஒவ்வொரு விடுதி அறையிலும் நாலு பேருக்குத் தோன்றியது.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு சோதனை வைப்பேன். பீட்டை நிறுத்திவிட்டு வரியை மட்டும் சொல்லச் சொல்வேன். தாளம் தானாகத் தெரிகிறதா? தெரிந்தால் மைக் முன்னால் நிற்கலாம். தெரியாவிட்டால் எத்தனை டிரம் சத்தத்தை அடியில் போட்டாலும் அது நிற்காது. 'வாடி புள்ள வாடி' இந்தச் சோதனையில் தேறிய பாட்டு. பல்லவி மெட்டை ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த முறை மேசையைத் தட்டிக்கொண்டே பாடிவிடலாம். ராப் பகுதியில் மூச்சு விடும் இடங்கள் பேச்சில் நாம் மூச்சு விடும் இடங்களிலேயே வருகின்றன. பாடத் தெரியாதவனும் உடன் சொல்ல முடிகிற பாட்டு இது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் இவர்களின் பெரிய திறமை.

அந்தக் காலத்தில் பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் திறமையின் மதிப்பு இன்னும் விளங்கும். 2012-ல் கல்லூரிப் பையன் கையில் இருந்தது நோக்கியாவோ, சத்தமாகக் கத்தும் சைனா போனோதான். மொபைல் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவோம். ஒருவன் ஏற்றினால் புளூடூத்தில் வகுப்பு முழுக்கப் போய்விடும். அந்தப் போன் ஸ்பீக்கருக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் சொல்லத் தெரியாது. ஹிப்ஹாப்பின் உயிர் என்று சொல்லப்படும் கிக் டிரம்மின் அடி இருப்பதோ 60 ஹெர்ட்ஸ் பக்கம். அதாவது அமெரிக்காவில் கார் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் இசையில் பாதி இங்கே கேட்கவே கேட்காது. மிஞ்சுவது குரலும், குரலின் மெய்யெழுத்துகளும்தான். மனிதப் பேச்சைத் தெளிவாக்கும் சத்தங்கள் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருப்பவை. மட்டமான ஸ்பீக்கரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். குரலை முன்னால் நிறுத்தி, சொல்லை மெல்லாமல் கடித்துச் சொன்ன பாட்டுகள்தான் போனில் வாழ்ந்தன. இந்த ஆல்பத்தின் குரல்கள் அப்படி முன்னால் நிற்கின்றன.

தமிழில் அதற்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. க்க, ட்ட, ப்ப, த்த என்று வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் வாயாலேயே ஸ்னேர் அடிப்பதுதான். 'கிளப்புல மப்புல' என்ற தலைப்பையே சொல்லிப் பாருங்கள். ப்பு, ப்பு என்று இரண்டு அடி விழுந்துவிடும். டிரம் மெஷினுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. இதைக் காதால் கண்டுபிடித்து எழுதியவர்கள் இவர்கள். மிக்ஸ் செய்யும்போது நான் இன்றும் முதலில் வல்லினங்கள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் பீட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். "பேஸ் ஏத்துங்க்கா" என்று பையன்கள் கேட்பார்கள். பொறு தம்பி, முதலில் உன் 'ட்ட' கேட்கட்டும் என்பேன்.

எழுதுவதில் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் எல்லா வரியும் '-ருச்சு', '-றேன்', '-டா' என்று ஒரேபோல முடிந்துவிடும். இயைபு தானாகக் கிடைக்கும், உழைப்பே வேண்டாம். புதிதாக எழுதுபவர்கள் விழும் குழி இதுதான். பிள்ளைகளுக்குக் காட்ட நானே எழுதி வைத்திருக்கும் ஒரு சோடி வரி:

காந்திபுரம் ஸ்டாண்டுல கடைசி பஸ்ஸு போயிருச்சு,
கையில இருந்த காசெல்லாம் டீக்கடைக்கே ஆயிருச்சு.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். இப்படிப் பதினாறு வரி தொடர்ந்தால் தூக்கம் வரும். அடுத்த வரி எதில் முடியும் என்று காதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. எதுகையை வரியின் தலையில் வை. வினையை முன்னால் தூக்கிப் போட்டு, வரியைப் பெயர்ச்சொல்லிலோ இடச்சொல்லிலோ முடி. பேச்சுத்தமிழில் இந்தச் சுதந்திரம் தாராளமாக உண்டு.

பட்டறைச் சத்தம் நின்னா பாட்டு வரும் நெஞ்சுக்குள்ள,
கட்டையில போன கரண்ட்டு வந்துருச்சு லேத்துக்கெல்லாம்.

இதில் 'ட்ட' முதல் அடியிலேயே அடிக்கிறது. முடிவு வேறு வேறு. காது அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். இன்னொரு வழி ஆங்கிலச் சொல்லைக் கலப்பது. வரி முடிவுக்குத் தமிழில் எளிதில் வராத ஓசை கிடைக்கும். 'ஹிப்ஹாப் தமிழன்' இந்த வழியைத் தாராளமாகப் பயன்படுத்தியது. தமிழன் என்று மார்தட்டும் ஆல்பத்தில் இவ்வளவு ஆங்கிலமா என்று அன்று கேட்டார்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸில் பேசும் தமிழ் அதுதான். அந்தக் கலப்பை மறைத்திருந்தால் குரல் பொய்யாகியிருக்கும்.

மரபு தெரியாத பிள்ளைகளின் வேலை என்று இதை ஒதுக்குகிற பெரியவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. 'தன தனன தான' என்று சந்தத்தை முதலில் கட்டி, பிறகு அதில் சொல்லை நிரப்பும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பழனிக்கும் திருச்செங்கோட்டுக்கும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழைச் சந்தம் பிரித்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். என் அறையில் ராப் எழுதும் பையன் அர்த்தமில்லாமல் 'டட்ட டடட்ட' என்று முணுமுணுத்து ஓட்டத்தைப் பிடித்த பிறகுதான் சொல் தேடுகிறான். நெடில் எங்கே நிற்க வேண்டும், குறில்கள் எங்கே ஓட வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்று.

கொங்குநாட்டில் அதைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறீர்களா? பொன்னரும் சங்கரும் படை திரட்டும் இடம் வந்தால் பாட்டு பேச்சாகும், பேச்சு பாட்டாகும். உடுக்கை நிற்காது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி 1965-ல் அந்தக் கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிந்தார். தாளத்தின்மேல் நின்று பேசி ஊரையே இரவு முழுக்க உட்காரவைக்கும் கலை இந்த மண்ணில் அன்றும் இருந்தது, இன்றும் திருவிழாக்களில் இருக்கிறது. ஆதி அதைக் கேட்டு வளர்ந்தாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. கேட்கும் ஊருக்கு அந்தக் காது முன்பே இருந்தது என்பதுதான் என் பேச்சு. ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு தீர்த்தக்குடம் போகிற ஊர்களில், குரலும் தோலும் மட்டும் போதும் ஒரு பாட்டுக்கு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வருடத்தை நினைத்தால் மின்வெட்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. பம்பு செட் பட்டறைகள், பவுண்டரிகள், விசைத்தறிகள் எல்லாம் தவித்தன. எத்தனையோ குடும்பங்கள் நொடித்துப்போன காலம் அது, அதை லேசாகச் சொல்ல மாட்டேன். அப்போதுதான் நாங்கள் சிலர் வீட்டில் பதியக் கற்றுக்கொண்டோம். கரண்ட் போனால் பக்கத்து லேத் நிற்கும், ஃபேன் நிற்கும், ஊர் அமைதியாகும். லேப்டாப் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். யூஎஸ்பி மைக்குக்கு அந்தப் பேட்டரியே போதும். சன்னலில் போர்வையைக் கட்டி, வியர்வையில் நனைந்தபடி, பேட்டரி சிவப்பாவதற்குள் ஒரு பாட்டின் குரலை முடித்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப எடுக்க நேரம் இல்லாததால் எல்லோரும் வரிகளை மனப்பாடம் செய்துகொண்டே வருவார்கள். அந்த ஒழுக்கம் இன்று கரண்ட் இருந்தும் குறைந்துவிட்டது. போனைப் பார்த்துப் படிக்கும் ராப்பில் கண் ஓடும் வேகம்தான் கேட்கும், நெஞ்சின் வேகம் கேட்காது.

இப்படிப் பதிந்தால் யார் கேட்பார்கள் என்ற சந்தேகம் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது. 2011 நவம்பரில் 'கொலவெறி' உலகம் சுற்றியது, ஆனால் அதன் பின்னால் சினிமா இருந்தது. படம் இல்லை, நடிகர் இல்லை, இரண்டு பையன்களின் பெயர் மட்டும் என்று வந்த 'ஹிப்ஹாப் தமிழன்' ஓடியபோதுதான் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆல்பத்தில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. 'கிளப்புல மப்புல'வை எழுத்து வேலையாக எடுத்தால் இறுக்கமானது, ஒரு அசை வீண் இல்லை. ஆனால் அது பெண்களின் உடுப்பையும் குடியையும் பார்த்துப் பொதுவில் புத்தி சொல்லும் ஆண் குரல். அன்றே பலர் கண்டித்தார்கள். கண்டித்தது சரி. என் அறையில் இன்று ராப் பதிய வரும் பெண் பிள்ளைகள் அந்தப் பாட்டின் ஓட்டத்தைப் படித்துவிட்டு அதற்குப் பதில் எழுதுகிறார்கள். சிலர் அதே சந்தத்திலேயே எழுதுகிறார்கள். ஒரு பாட்டோடு சண்டை போட அதன் சந்தத்தையே எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால் அந்தச் சந்தம் வலுவானது. கருத்து பழையதாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

சத்தத்தைப் பொறுத்தவரை பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. இன்றைய காதுக்கு அந்த டிரம்களும் சிந்தசைசர்களும் மென்பொருளோடு சேர்ந்து வந்தவை போலத்தான் கேட்கும். பின்னாளில் இவர்களே சினிமாவில் எத்தனையோ பளபளப்பாகச் செய்தார்கள். இருந்தும் முதல் ஆல்பத்தை நான் அவற்றுக்கு மேலே வைக்கிறேன். சினிமாப் பாட்டில் நாயகனுக்காக எழுத வேண்டும், கதை கேட்கும் இடத்தில் பாட்டு நிற்க வேண்டும், இயக்குநருக்குப் பிடிக்க வேண்டும். முதல் ஆல்பத்தில் பாடுகிறவன் தன் பெயரில், தன் ஊர்ப் பேச்சில், தன் கோபத்தை, தன் காதலை, தன் அறியாமையையும் சேர்த்துச் சொல்கிறான். பீட்டில்ஸ் 1963-ல் தங்கள் முதல் ஆல்பத்தின் பதினான்கு பாட்டில் பத்தை ஒரே நாளில், பிப்ரவரி 11 அன்று, பாடி முடித்தார்கள். கடைசிப் பாட்டில் ஜான் லெனனின் தொண்டை கட்டிப்போயிருப்பது அப்படியே கேட்கும். அதைத் திருத்த வேண்டும் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கோவைக்கு இதில் தனியாக ஒரு பெருமை இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ் சினிமாவே இங்கே எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படம் 'ராஜகுமாரி', 1947-ல் வந்தது, சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். 'மலைக்கள்ளன்' 1954-ல் பட்சிராஜாவில் உருவானது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். பிறகு எல்லாம் சென்னைக்குப் போனது. பாட வேண்டும், மெட்டுப் போட வேண்டும் என்ற ஆசை வந்தால் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுவதே வழி என்றானது. ஆதியும் ஏறத்தான் செய்தார். அந்தக் கதையை அவரே 2017-ல் 'மீசைய முறுக்கு' என்று படமாக எடுத்து, இயக்கி, நடித்தார். முன்பே தனியாக வெளிவந்திருந்த 'வாடி புள்ள வாடி'யையும் அதில் சேர்த்தார். கோவையில் ஒரு தியேட்டரில் அந்தப் பாட்டு வந்தபோது முதல் வரியிலிருந்தே அரங்கம் உடன் பாடியது. புதுப் படத்தில் ஒரு பழைய பாட்டு. அதை அவர்களுக்கு எந்த டிவியும் ஓயாமல் போட்டுக் காட்டவில்லை. அண்ணன்கள் கொடுத்த மெமரி கார்டிலிருந்து வந்த மனப்பாடம் அது.

பின்னாளில் ஆதி பாரதியார் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்முனைவு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். என்னிடம் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் இந்தத் தகவலை மறக்காமல் சொல்கிறேன். "பாட்டுப் பாடுனா படிப்பு கெட்டுப்போயிருமுங்களே" என்று வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

எழுத வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஆல்பத்தைப் படிக்க நினைத்தால் ஹெட்போனில் கேட்காதீர்கள், மலிவான போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். எந்தச் சொல் தப்பிப் பிழைத்து உங்கள் காதுக்கு வருகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு உங்கள் வரியையும் அதே போனில் போட்டுக் கேளுங்கள். நம் பேச்சில் வரும் 'ங்க'வை வெட்டிவிட்டுச் சென்னைத் தமிழுக்கு மாறாதீர்கள். 'வாங்க்ணா', 'சொல்லுங்க்கா' என்று அடிக்குப் பிறகு மெதுவாக இறங்கும் அந்த ஓசை, எந்த பீட்டிலும் அழகாக உட்காரும். கொங்குத் தமிழில் முழுசாக ஒரு நல்ல ராப் ஆல்பம் வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2010-க்கும் 2014-க்கும் இடையில் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் விடுதிகளில் எத்தனையோ பேர் எழுதிப் பதிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை யூட்யூபுக்கு வரவே இல்லை. உங்கள் பழைய போனிலும், மேசை இழுப்பறையில் கிடக்கும் இரண்டு ஜிபி கார்டிலும் இருக்கும். மெமரி கார்டு பல வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது அழியலாம். இந்த வாரமே எடுத்து நகல் செய்யுங்கள். ஃபைலின் பெயரில் பாடியவர், எழுதியவர், ஊர், ஆண்டு நான்கையும் எழுதி, குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள்.